கௌ

பிழை என்று முதலில் எழுதினேன்.
பிறகு அழித்து, ஆலோசனை என்று மாற்றினேன்.
சும்மா கிடைத்ததில் பிழை பிடிக்க
எங்கள் பக்கத்தில் கொஞ்சம் கூசுவார்கள்.

உட்துறைமுக வீதியில் தட்டச்சுக் கடை என்னுடையது.
வங்கி கழித்துவிட்ட இரண்டு கணினி, ஒரு பிரிண்டர்,
உப்புக்காற்றில் துருவேறிய ஸ்டாப்ளர்.
உங்களுடைய கட்டற்ற இயங்குதளம்
இரண்டு வருடமாய் இங்கே விண்ணப்பம் அடிக்கிறது.
காசு கட்டத் தேவையில்லை, அதனால் கட்டற்றது என்று நினைத்திருந்தேன்.
இல்லையக்கா, திறந்து பார்க்கலாம், மாற்றலாம் என்றான் றிஸ்கான்.
திறந்து பார்த்தேன்.
மூடிவிட்டேன்.

காத்திருக்கிறவர்கள் திரையைப் பார்த்தபடி நிற்பார்கள்.
பார்த்தால் சும்மா இருப்பார்களா.
திருக்கடலூர் சிவபாதம் சொல்கிறார்:
மூலையில முப்பத்திரண்டு பாகை எண்டு போடுது,
அதை என்ர நெற்றியே சொல்லும்,
காத்து எந்தப் பக்கம் எண்டு போடச் சொல்லு பிள்ளை.
மின்சாரம் போன இருட்டில் நசீஹா டீச்சரின் குரல்:
நான் அணைக்கும்போது மட்டும்
நிச்சயமா, நிச்சயமா என்று கேட்டதே.

மூன்று மொழிக்கு ஒரு சாவி வைத்திருக்கிறீர்கள்.
கான்ஸ்டபிள் நிலந்த சிங்களத்தைத் தேடித் தட்டுகிறார்,
நான் தமிழைத் தேடித் தட்டுகிறேன்,
அது இருவரையும் ஆங்கிலத்தில் கொண்டுபோய் விடுகிறது.

குப்பைத்தொட்டிப் படம் பற்றியும் ஒன்று.
பிழையாய் அச்சான தாளை வாசலில் வைத்தால்
புள்ளிமான் வந்து தின்றுவிட்டுப் போகும் ஊர் இது.
தொட்டியை எடுத்துவிட்டு மானை வைக்கலாம்.
'மீட்டெடு' பொத்தானை என்ன செய்வதென்று
நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

இதெல்லாம் விளையாட்டு. விஷயம் கௌரிதாசன்.

பாலையூற்றில் இருபது பேர்ச் காணி.
பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது, கண்ணால் பார்த்தேன்,
நாற்பத்தோராம் பக்கம்.
தேடல் பெட்டியில் அடித்தால்
எதுவும் இல்லை என்கிறது.
தாளில் விரலை வைத்துக்கொண்டு அவர் கேட்டார்,
அப்ப இது ஆர்?

இரவு எழுத்தெழுத்தாய்ப் பிரித்தபோதுதான் பிடிபட்டது.
பட்டியலை அடித்த யாரோ
ஒற்றைக்கொம்புக் ககரத்தின் பக்கத்தில்
ளகரத்தை நிறுத்தியிருக்கிறார்.
கெள.
நான் அடித்தது ஔகாரம்.
கௌ.
சட்டத்தரணி கண்ணாடி போட்டும் வித்தியாசம் காணவில்லை.
மானுக்கும் இரண்டும் ஒரே ருசி.
உங்கள் இயங்குதளத்துக்கு மட்டும் இவர் இரண்டு பேர்,
அதில் ஒருவருக்குத்தான் காணி.

கண்ணுக்கு ஒன்றாய் நிற்பதைத் தேடும்போதும் ஒன்றாய் எடுங்கள்
என்று அப்போது எழுதினேன்.
பதினொரு நாளில் மரியாதையான பதில்:
நன்றி, இது பிழை அல்ல, இரண்டும் வேறு,
மூடப்படுகிறது.

இரண்டும் வேறு என்று எங்களுக்குச் சொல்லித்தர
அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவர் வேண்டியதில்லை.
மறுபடி எழுதினேன். மறுபடியும்.

ஆடியில் ஒரு புதுப்பிப்பு வந்தது,
ஒரு முழு டேட்டா கார்டைத் தின்றது.
அடித்துப் பார்த்தேன். இரண்டு கௌரிதாசனும்
மஞ்சள் வெளிச்சத்தில் எழுந்து நின்றார்கள்.
திருத்தியவர் பெயர் அடியில் இருந்தது,
தலையில் இரண்டு புள்ளி வைத்த ஓர் 'ஓ'வோடு.
புள்ளி வைக்காமல் தேடினேன்.
அவரையும் கண்டுபிடித்தது.
அந்த வசதி அவருக்கு முன்பே இருந்திருக்கிறது.

சந்தோஷத்தில் கௌரிதாசனுக்கு ஃபோன் எடுத்தேன்.
அது முடிஞ்சுது பிள்ளை என்றார்.
சமாதான நீதவானிட்ட சத்தியம் பண்ணி
பெயரை மாத்திப்போட்டன். கானாவும் வூனாவும்.
இனி எந்த மெஷினும் குழம்பாது.

கவுரிதாசன்.
அடித்தேன்.
எதுவும் இல்லை.

இதில் யாரை எதைத் திருத்தச் சொல்வது,
எனக்குத் தெரியவில்லை.
தலைப்பை மட்டும் இப்படிப் போட்டு அனுப்புகிறேன்:
கவுரிதாசன் என்பவரும் இவரே.